கிராம் வேறு, மில்லிலிட்டர் வேறு



இந்த மாதப் பாடத்தை என்னுடைய ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஷா ஆலத்தில் எங்கள் இளைஞர் குழுவினர் தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு பஞ்சாமிர்தம் பிசைந்தோம். குறிப்பில் தேன் 350 கிராம், நெய் 200 கிராம் என்று இருந்தது. தராசு இல்லை. "எல்லாம் ஒண்ணுதானே" என்று நான் அளவு ஜக்கை எடுத்து, தேன் 350 மி.லி., நெய் 200 மி.லி. ஊற்றிவிட்டேன்.

கரண்டியில் நிற்க வேண்டியது வழிந்து ஓடியது. உதவிக்கு வந்திருந்த பாட்டி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இது பஞ்சாமிர்தமா, பானகமா?" என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. பக்தர்கள் கொடுத்த காசில் வாங்கிய பொருள் அல்லவா! இன்னும் கொஞ்சம் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்து சேர்த்துத்தான் சரிசெய்தோம்.

எங்கே தப்பு? 1 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம். ஆனால் தேன் தண்ணீரைவிடக் கனமானது, நெய் லேசானது. ஒரு மி.லி. எத்தனை கிராம் என்பதே அடர்த்தி.

தேன்: சுமார் 1.42
சீனியும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு: சுமார் 1.23
நெய்: சுமார் 0.91

கணக்கு இவ்வளவுதான்:
மி.லி. = கிராம் ÷ அடர்த்தி
கிராம் = மி.லி. × அடர்த்தி

நான் ஊற்றிய தேன் 350 × 1.42 = 497 கிராம். அதாவது 147 கிராம் அதிகம்! ஊற்றியிருக்க வேண்டியது 350 ÷ 1.42 = 246 மி.லி.; நம் 250 மி.லி. கப்பில் ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவு. நெய்யில் நேர்மாறு: 220 மி.லி. தேவை, நான் ஊற்றியது 200.

அவசரத்துக்கு ஒரு வழி: தேனின் கிராமை 0.7ஆல் பெருக்கினால் மி.லி. கிடைத்துவிடும். 15 மி.லி. மேசைக்கரண்டி ஒன்றில் ஏறக்குறைய 21 கிராம் தேன் பிடிக்கும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நம் ஊர் கெலுலுட் தேனில் தண்ணீர் அதிகம், அதற்கு 1.42 பொருந்தாது. வெல்லப்பாகும் குலா மலாக்கா பாகும் காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகும், அடர்த்தியும் ஏறும். இவற்றுக்கு நீங்களே அளந்து பாருங்கள். வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஆறிய பாகு 100 மி.லி. ஊற்றுங்கள். 128 கிராம் காட்டினால் அடர்த்தி 1.28. அளவு கப்பின் உள்ளே லேசாக நெய் தடவினால் பாகு ஒட்டாமல் விழும்.

தராசு இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், நிறுத்தே போடுங்கள். நாங்கள் இப்போது ஒன்று வாங்கி வைத்துவிட்டோம்.

பயிற்சி: 500 கிராம் தேன் போத்தலில் எத்தனை மி.லி. இருக்கும்? முதலில் கணக்குப் போடுங்கள், பிறகு வீட்டில் அளந்து பாருங்கள். 352க்குப் பக்கத்தில் வந்தால் பாடம் புரிந்துவிட்டது.