சம்பளச் சீட்டை வாசியுங்கள்

லயங்களுக்கு வரும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "போன மாதச் சீட்டு எங்கே?" என்பதுதான். காசை எண்ணுகிறோம், சீட்டை அடுப்பில் போடுகிறோம் என்று அக்காமார் சிரிப்பார்கள்.

முதலில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிரட்டுக்குப் போன நாட்களைக் கலண்டரில் குறித்து வைத்தால் ஒப்பிடுவது லேசு. பேர் குறைந்தால் சம்பளம் மட்டுமல்ல, ஈ.பி.எப்.பும் குறையும்.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்களிடம் நூற்றுக்கு 8 பிடிப்பார்கள்; கம்பெனி 12 போட வேண்டும். 20,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு உங்களது 1,600, கம்பெனியுடையது 2,400. ஈ.டி.எப். நூற்றுக்கு 3, அது முழுக்கக் கம்பெனி பொறுப்பு, உங்களிடம் வெட்டக் கூடாது.

சீட்டில் வெட்டியிருந்தாலும் பணம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததா? மத்திய வங்கியின் கணக்குக் கூற்றைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாத கம்பெனி மேலதிகப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இன்னொன்று. அடையாள அட்டையில் 'லெட்சுமி', தோட்டப் பதிவில் 'லெச்சுமி' என்றிருந்தால் பணம் எடுக்கும் வயதில் (பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55) அலைச்சல்தான். இப்போதே திருத்திக் கொள்ளுங்கள்.

கணக்கு பிழைத்தால், சீட்டுகளோடு பதுளைத் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதுவரை சீட்டெல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கட்டும்.