மனக்கவலையும் தேகப்பயிற்சியும்

அறுவடைக்கு நிற்கும் நெல்லின்மீது மேகம் திரண்டால் வரப்பில் நிற்கும் உழவரின் நெஞ்சு படபடக்கிறது. கடன் தவணை நெருங்கினாலும் அப்படியே. இஃது உள்ளத்தளவில் நின்றுவிடும் காரியமன்று. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள இரு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்புநீரை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஈரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை வெளிவிடுகிறது. புலியைக் கண்டால் ஓடவோ எதிர்க்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. தவணைச் சீட்டைக் கண்டு எவர் ஓட இயலும்? திண்ணையில் அமர்ந்தே கவலையுறுகிறோம். இந்நிலை மாதக்கணக்கில் நீடித்தால் உறக்கம் கெடுகிறது, இரத்தக் கொதிப்பும் தலைகாட்டுகிறது.

விரைந்து நடக்கும்போது தசைகள் அந்தச் சர்க்கரையைச் செலவிடுகின்றன. அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. பயிற்சி தானும் ஒரு சிறு நெருக்கடியே. துடிப்பை ஏற்றிப் பின் இறக்குகிறது. நாள்தோறும் இவ்வாறு பழகிய இருதயம் ஓய்வில் நிதானமாகத் துடிக்கிறது. படபடப்பு வந்தாலும் விரைவில் தணிகிறது. இரவில் உறக்கமும் ஆழ்ந்து வருகிறது.

"வயலில் உழைப்பவனுக்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. நாற்று நடுவோருக்கும் களை பறிப்போருக்கும் உழைப்பில் குறைவில்லை. அவர்களுக்கு வேண்டுவது குனிந்த முதுகுக்கு ஓய்வு. ஆனால் உழவுக்கு டிராக்டரும் வயலுக்குச் செல்ல மோட்டார் சைக்கிளும் வந்துவிட்ட வீடுகளின் நிலை வேறு. மாடு பூட்டி இறைத்த கவலை போய்ப் பம்புசெட் வந்தது. நெஞ்சின் கவலை மட்டும் போகவில்லை.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவுறுத்தியது. நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். புதுக் காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவாரில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கலாம். நடக்கையில் நெஞ்சு வலிப்போர் டாக்டரைக் கண்ட பின்னரே பயில வேண்டும்.

நடையால் கடன் தீரும் என்று நாம் கூற வரவில்லை. வாரக்கணக்கில் உறக்கமின்றி, வாழ்வே வேண்டாமென்று பேசுவோரை நடக்கச் சொல்லி விட்டுவிடுதல் பெரும் பிழை. அவரைத் தனியே விடாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்; 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரிக்கரையில் மண்டியுள்ள சீமைக்கருவேல முள்ளை அகற்றினால் நல்ல நடைபாதை கிடைக்கும், செலவும் அதிகமில்லை. பகல் வேலை முடித்துப் பெண்களும் அங்கு நடக்க வேண்டுமாயின், கரையின் இரு முனைகளிலும் விளக்குகள் எரிய வேண்டும்.