புதிய பதிப்பு வாங்குமுன்

குடும்ப வரவு செலவைக் கணிப்பொறியில் எழுதிவரும் அங்கத்தினர்கள், மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் மாறத்தான் வேண்டுமா என்று நம்மை வினவுகின்றனர்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘மணி’ என்னும் தன் கணக்கு மென்பொருளின் விற்பனையை 2009 ஆம் ஆண்டில் நிறுத்திற்று. அதில் எழுதியோர் பழைய கணக்கைத் தொடர்ந்து திறந்து பார்க்க, 2010 இல் இலவசப் பதிப்பொன்றை அளித்தது. ஆயினும், எல்லா நிறுவனமும் இவ்வாறு உதவும் என்று நாம் நம்பியிருத்தலாகாது.

ஆகவே, பழைய பதிப்பினால் முடியாத வேலை நமக்கு உண்டா என்று முதலில் ஆராய்வோம். இல்லையெனில், புதியது வேண்டுவதில்லை. உண்டெனில், பழைய கணக்கின் நகலைத் தனியே பத்திரப்படுத்தி, மற்றொரு நகலைப் புதியதில் ஏற்றிப் பார்ப்போம். சங்கப் பேரேட்டில் சென்ற ஆண்டின் இறுதி இருப்பே இவ்வாண்டின் ஆரம்ப இருப்பு ஆதல்போல, இங்கும் காசு பிசகாமல் ஒத்துவருதல் வேண்டும். ஒவ்வாவிடில், விலை எவ்வளவு குறைவாயினும் அது நமக்கு நட்டமே.