வேகப் பாடத்தில் ஓர் உயிர்காப்புப் பாடம்

ஏழாம் வகுப்பு அறிவியலில் வேகம் கற்பிக்கும்போது பேருந்தும் மிதிவண்டியுமே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகளாகின்றன. எங்கள் ஊரைச் சுற்றி ஏரியும் கிணறுகளும் உண்டு. விடுமுறையில் குளிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றிய கவலை நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் இந்த ஆண்டு, லைஃப்கார்டு எனப்படும் உயிர்காப்பாளருக்கான தேர்வை வேகக் கணக்காக்கினேன்.

ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் தன்னார்வ உயிர்காப்பாளர்கள் பெறும் அடிப்படைச் சான்று 'பிரான்ஸ் மெடாலியன்'. இதற்குக் குறைந்தது 15 வயது ஆகியிருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடங்களுக்குள் நீந்த வேண்டும். கடற்கரையில் 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், மீண்டும் 200 மீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் 8 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும்.

மாணவர்கள் குழுக்களாகக் கணக்கிட்டார்கள். குளத்து நீச்சலுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 0.74 மீட்டர் என்று விடை வந்தது. பிறகு மைதானத்தில் 50 மீட்டர் அளந்து, நடந்து பார்த்தார்கள். விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வந்தது. "நடக்கிறதைவிட மெதுவா நீந்தினாலே பாஸா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

அந்தக் கேள்வியே பாடத்தை நகர்த்தியது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதை விலக்கிக்கொண்டுதான் உடல் முன்னேற வேண்டும். மேலும், வேகம் மட்டும் சான்றிதழைப் பெற்றுத் தராது. கடல் நீரோட்டத்தை அறிதல், மிதவையைக் கொண்டு மீட்டல், முதலுதவி, இதய-நுரையீரல் உயிர்ப்பிப்பு ஆகியவற்றிலும் தேற வேண்டும். திறன் குறையவில்லை என்பதை ஆண்டுதோறும் மீண்டும் செய்து காட்ட வேண்டும்.

நீச்சல் தெரிவது வேறு, மூழ்குபவரை மீட்கத் தெரிவது வேறு என்பதை மாணவர்களே சொன்னார்கள். தத்தளிப்பவர் கைக்குக் கிடைப்பதை இறுகப் பற்றிக்கொள்வார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கலாம். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கூட மிதவையோடு போகிறார்.

அடுத்த பாடவேளையில் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஏரி வரைந்தோம். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனில் கயிறு கட்டி, ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எறியப் பழகினோம். நான்கு சொற்களை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள்: கூப்பிடு, நீட்டு, எறி, இறங்காதே. பெரியவர்களைக் கூவி அழைப்பது, 108-க்குத் தகவல் சொல்வது, கரையில் குப்புறப் படுத்துக் கழியையோ துண்டையோ நீட்டுவது ஆகியவற்றையும் நடித்துப் பார்த்தார்கள்.

மதிப்பீட்டுக்கு இரண்டு வினாக்கள் தந்தேன்.

1. 600 மீட்டரை 8 நிமிடங்களில் கடப்பவரின் சராசரி வேகம் என்ன?
2. உன் நண்பன் ஏரியில் தத்தளிக்கிறான். உனக்கு நீச்சல் தெரியும். முதலில் என்ன செய்வாய்?

இரண்டு பாடவேளைகளும் ஒரு கயிறும் ஒரு கேனும் போதும். விடுமுறை விடுவதற்கு முந்தைய வாரம் இதற்கு ஏற்ற நேரம்.