கடலெண்ணெயில் டிராக்டர் ஓடுமா?

கேள்வி: ஐயா, மானாவாரியில் கடலை போடுகிறோம். சொந்தச் செக்கும் இருக்கிறது. என் டிராக்டர் இருபத்தைந்து வருசத்துப் பழசு. டீசலுக்குப் பதில் கடலெண்ணெயை ஊற்றியே ஓட்டலாம் என்று பையன் ஒரு வீடியோவைக் காட்டுகிறான். நம்பலாமா?
- ஒரு விவசாயி, செந்துறை

பதில்: ஓடும். பையன் காட்டியது பொய்யில்லை. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலெண்ணெயில்தான் ஓட்டினார்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் விளைந்த கடலையை மனத்தில் வைத்து பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்ட சோதனை அது. டீசலுக்காகச் செய்த எஞ்சின், எந்த மாற்றமும் இல்லாமல், பார்க்க வந்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியாத அளவுக்கு ஓடியது என்று ருடால்ஃப் டீசலே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கண்காட்சியில் ஓடுவது வேறு, பத்து வருசம் உழுவது வேறு. 40 டிகிரி சூட்டில் டீசலின் பிசுக்கு 2-லிருந்து 4.5-க்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதே சூட்டில் கடலெண்ணெய்க்கு 35-க்கு மேல் போகும். நாசில் எரிபொருளைப் புகை மாதிரிப் பொடியாக அடிக்க வேண்டும். எண்ணெய் போனால் துளி பெரிசாக விழும், முழுசாக எரியாது. எரியாதது நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங் பள்ளத்திலும் கருகி ஒட்டும். மிச்சம் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். வடைச்சட்டி விளிம்பில் பிசினாய் ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் போகாத ஒரு படலம் இருக்கும் பாருங்கள், தாவர எண்ணெய் சம்ப்பிலும் அதையேதான் செய்யும். வீடியோ எடுத்தவர் அன்று சாயங்காலமே கேமராவை மூடிவிடுகிறார். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் நாளில் வீடியோ எடுப்பதில்லை.

இதற்கு வழி கண்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் கடுகு இனத்து ரேப்சீடு எண்ணெயில் லாரிகளே ஓடின. டேங்க் இரண்டு. டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் வெந்நீரால் எண்ணெயையும் சூடாக்கி இளக்கி, பிறகு அதற்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்து குழாயைக் கழுவ வேண்டும். அரசு வரிச்சலுகையைக் குறைத்ததும் அங்கேயே பலர் கைவிட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். இதைத்தான் யாரும் வீடியோவில் சொல்வதில்லை. லோடு ஏற்றிய லாரி அரியலூரிலிருந்து திருச்சிக்குப் போக ஏறக்குறைய 20 லிட்டர் டீசல் வேண்டும். அதற்கு ஈடாக எண்ணெய் எடுக்க 45 கிலோ பருப்பு, அதாவது 65 கிலோ காய் ஆட்ட வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ காய் கண்டீர்கள் என்றால், ஒரு ஏக்கர் மகசூல் திருச்சிக்கு ஒன்பது நடைக்கு, அதுவும் போக மட்டும். டீசல் லிட்டர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. செக்குக் கடலெண்ணெய் அதைப் போல இரண்டு மடங்கு விலை போகிறது. எண்ணெயை விற்ற காசில் டீசல் வாங்கி ஊற்றுங்கள், மிச்சத்துக்குப் புண்ணாக்கும் இருக்கிறது.

சோதித்துப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் கிணற்றடியில் கிடக்கும் பழைய ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினில் பாருங்கள். அது மெதுவாக ஓடும் எஞ்சின், பொறுத்துப் போகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி ஸ்ரீனிவாசா, கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயால் ஜெனரேட்டர் ஓட்டி, அந்த மின்சாரத்தில் பாசன மோட்டார்களை இயக்கிக் காட்டியவர். சமையலுக்கு ஆகாத எண்ணெய், வரப்பில் நிற்கும் மரம் என்பதால் அங்கே கணக்குக் கட்டியது. நீங்களும் புங்கெண்ணெயை வடிகட்டி, டீசலில் எடுத்து டீசலிலேயே நிறுத்துங்கள். எஞ்சின் ஆயிலை வழக்கத்தில் பாதி நாளிலேயே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பெரம்பலூரில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். பொரித்த எண்ணெய் தினமும் மிஞ்சுகிறது. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் பயோ டீசல் ஆகிவிடும் என்று வேதியியல் படித்த தம்பி சொல்கிறான். கடைக்கு 2021 மாடல் லோடு வண்டி ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே தயாரிக்கலாமா?
- ஒரு கடைக்காரர், பெரம்பலூர்

பதில்: தம்பி படித்தது சரி. எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்களை மெத்தனால் தன்னோடு சேர்த்துக்கொள்ள, கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பது பயோ டீசல். பிசுக்கு 4, 5-க்கு இறங்கிவிடும் என்பதால் நாசிலுக்குச் சிரமமில்லை. இருந்தாலும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான்.

மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், சட்டென்று தீப்பிடிக்கும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அடுப்பு எரியும் கடையில் அதை வைப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. போலீஸ் வந்து நின்றால் ‘பயோ டீசலுக்காக’ என்ற பதில் எடுபடாது.

அடுத்தது எண்ணெயின் நிலை. பலமுறை காய்ந்த எண்ணெயில் தண்ணீரும் தனி அமிலமும் ஏறியிருக்கும். காஸ்டிக் சோடா பட்டால் பாதி சோப்பாகத் திரியும். ஆலைகளில் இதைச் சரிசெய்யத் தனிப் படியே இருக்கிறது. உங்கள் வண்டி வேறு பி.எஸ்.6. புகைத்தூளைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள எஞ்சினில், அந்தத் தூளை எரிக்கக் கொஞ்சம் எரிபொருளைத் தாமதமாக அடிப்பார்கள். டீசல் ஆவியாகி வெளியேறும். பயோ டீசல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாமல் சம்ப்புக்கு இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்.

அந்த எண்ணெயை விற்றுவிடுவதே நல்லது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ‘ரூகோ’ என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி சமைக்கக் கூடாது என்பது அந்த வருடம் ஜூலை 1 முதல் விதி. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் கடைக்கே வந்து எடுப்பார்கள், ஆலைக்குப் போகும். 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் இப்படி வரும் பயோ டீசலை முதல் வருடம் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்ததிலிருந்து இந்த வியாபாரம் சூடு பிடித்தது. உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டால் யார் எடுக்கிறார்கள் என்று சொல்வார். சாயங்கால பஜ்ஜிக் கடைக்காரர் கூடுதல் விலை தருகிறேன் என்பார். அவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டைத் தோல் மலையாய்க் குவிகிறது. அதில் வரும் எண்ணெயை டீசலில் கலக்கலாமா?
- ஒரு வாசகர், ஆண்டிமடம்

பதில்: கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். தோலை அரித்துக் கொப்பளிக்க வைக்கும் அந்த அமிலம் பம்பையும் ரப்பர் ஹோஸையும் மட்டும் விட்டுவைக்காது. பக்குவப்படுத்திக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன, பட்டறை வேலைக்கு ஆகாது. இந்த எண்ணெய்க்கு வண்டியில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பிரேக் லைனிங் செய்ய அதன் பிசின் பயன்படுகிறது.

கேள்வி: பதினைந்து வருசத்துக்கு முன்னால் காட்டாமணக்கு போடச் சொன்னார்கள். இப்போது மறுபடி பேச்சு கிளம்புகிறது. போடலாமா?
- ஒரு வாசகர், வேப்பந்தட்டை

பதில்: போடாதீர்கள். 2003-ல் திட்டக்குழு தொடங்கி வைத்த கனவு அது. 2009 கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. 2018 கொள்கை இலக்கை 2030-க்கு 5 சதவீதமாகச் சுருக்கியது. நடைமுறையில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தண்ணீர் வேண்டாம், தரிசிலும் காய்க்கும் என்று சொல்லித்தான் விதை கொடுத்தார்கள். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் போட்டவர்களைப் பற்றி 2010-ல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்த மகசூலுக்கு வெகு கீழே விளைந்தது என்றும், தண்ணீர் வசதி இருந்தால்தான் கட்டுப்படியாகக்கூட வாய்ப்பு உண்டு என்றும் கண்டது. தண்ணீர் இருந்தால் காட்டாமணக்கு எதற்கு? உங்கள் மாவட்டத்து மக்காச்சோளத்துக்கு இப்போது எத்தனால் ஆலைகளும் வாடிக்கை. அது பெட்ரோலில் கலப்பது, டீசல் வண்டிக்கு வராது. விலை கிடைத்தால் உங்களுக்கென்ன?

கேள்வி: சுண்ணாம்புக்கல் நடை அடிக்க மூன்று டிப்பர் வைத்திருக்கிறேன். பங்க் விலையைவிடப் பதினைந்து ரூபாய் குறைவாக ‘பயோ டீசல்’ என்று இடத்துக்கே கொண்டு வந்து தருகிறார்கள். வாங்கலாமா?
- ஒரு லாரி உரிமையாளர், அரியலூர்

பதில்: முதலில் விலையைச் சந்தேகப்படுங்கள். எண்ணெயை வாங்கி, மெத்தனால் சேர்த்து, சுத்திகரித்து, வரி கட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, டீசலைவிடப் பதினைந்து ரூபாய் குறைத்துத் தர முடிகிறது என்றால் அதில் எண்ணெய் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். குஜராத்தில் 2020, 2021-ல் நடந்த சோதனைகளில் இந்தப் பெயரில் தொழிற்சாலை எண்ணெய்க் கலவைகள் பிடிபட்டன. தூய பயோ டீசலைச் சில்லறையில் விற்க 2019 ஏப்ரலிலேயே விதிமுறை வந்துவிட்டது. பதிவு பெற்ற இடத்தில்தான் விற்கலாம். கல்குவாரி ஓரத்தில் டேங்கர் நிறுத்தி விற்பதற்கு அதில் இடமில்லை.

கையோடு செய்யக்கூடிய ஒரு சோதனை அடர்த்தி. பங்க்கில் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டரே போதும். அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்குத் திருத்திக்கொண்டால் பி.எஸ்.6 டீசல் 810-லிருந்து 845-க்குள் நிற்கும். தூய பயோ டீசல் 860-க்குக் கீழே வராது. 820 காட்டினால் அவர் விற்பது பயோ டீசல் இல்லை. 870 காட்டினாலும் உடனே வாங்கிவிடாதீர்கள், கனமான எண்ணெய்கள் வேறும் உண்டு. ஐ.எஸ். 15607 தரச்சான்று கேளுங்கள்.

அசலாகவே இருந்தாலும் மைலேஜ் ஏழெட்டு சதவீதம் குறையும். பழைய டேங்கில் வருசக்கணக்கில் படிந்த கசடை அது கரைத்து இழுத்துவரும் என்பதால் முதல் இரண்டு மூன்று டேங்குக்கு டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி உப்பும். வாரண்டி உள்ள வண்டி என்றால் கம்பெனி அனுமதித்த கலவைக்கு மேல் போகவே கூடாது. பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோ டீசல் கலக்க இந்தியத் தரம் இடம் தருகிறது, அதற்கு எந்த வண்டியும் தாங்கும்.

கொண்டுவருபவரிடம் ஜி.எஸ்.டி. பில்லும், சீல் வைத்த ஒரு லிட்டர் சாம்பிள் பாட்டிலும் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அவர் வருகிறாரா என்று எனக்கும் எழுதுங்கள்.