‘அக்யுரட்’ என்றால் துல்லியமா?

தமிழ்ப்பள்ளியில் ‘துல்லியம்’ என்ற ஒரே சொல்லோடு அறிவியல் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் மாணவர்கள், அங்கே இரண்டு சொற்களைச் சந்திக்கின்றனர். மலாயில் ‘கெஜித்துவான்’, ‘கெபெர்சிசான்’. ஆங்கிலத்தில் ‘அக்யுரட்’, ‘பிரிசைஸ்’. இரண்டுக்கும் துல்லியம் என்றே பொருள் எழுதி மனனம் செய்தால், பரிசோதனைக் கேள்வியில் புள்ளி போய்விடும்.

வேறுபாட்டை ரப்பர் பால் நிறுக்கும் தராசை வைத்துப் பார்ப்போம். (நிபோங் திபால் பக்கம் இன்று செம்பனையே மிகுதி என்றாலும் பால் வாளியை மறந்தவர் குறைவு.) சரியாக 10 கிலோ பாலை ஐந்து முறை நிறுக்கிறோம். ஐந்து முறையும் 9.5 கிலோ காட்டினால் அத்தராசு ‘பிரிசைஸ்’. ஆனால் ‘அக்யுரட்’ அன்று. இன்னொரு தராசு 9.8, 10.1, 10.2, 9.9, 10.0 என்று காட்டுகிறது. அளவுகள் சிதறினாலும் சராசரி 10 கிலோதான். உண்மையை ஒட்டியே நிற்கிறது. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு முதல் தராசுதான் ஆபத்து. மாறாமல் ஒன்றையே சொல்வதால் அதன்மேல் யாருக்கும் ஐயம் வராது. நடைக்கு அரைக் கிலோ போய்க்கொண்டே இருக்கும்.

சொற்பிறப்பும் சுவையானது. ‘அக்யுரட்’ கவனம், அக்கறை எனப் பொருள்படும் ‘கூரா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் துல்லியமோ ‘சமமானது’ எனப் பொருள்படும் ‘துல்ய’ என்ற வடசொல். துலாவோடு, அதாவது தராசோடு, உறவுடையது. உண்மை அளவுக்குச் சமம் என்பதால் துல்லியத்தை ‘அக்யுரட்’டுக்கே ஒதுக்கிவிட்டு, மற்றதை ‘ஒருசீர்மை’ எனலாம் என்பது என் கருத்து.

பல்கலைக்கழகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 1994இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5725 தரநிலைப்படி, உண்மைக்கு நெருக்கமும் ஒருசீர்மையும் சேர்ந்ததே ‘அக்யுரசி’. ஆகவே பொறியியல் மாணவர்கள் அறிக்கை எழுதுமுன், தங்கள் பாடநூல் எந்தப் பொருளில் ஆள்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அன்றாட வழக்கில் அறிக்கை, மொழிபெயர்ப்பு, கடிகாரம், மதிப்பீடு ஆகியவை ‘அக்யுரட்’ ஆகலாம். தேர்வில் எழுதிய விடை சரி என்றால் ‘கரெக்ட்’ போதும். ‘சரியாக எட்டு மணிக்கு வந்தார்’ என்பதற்கு ‘எக்ஸாக்ட்லி’தான் பொருந்தும். எதிர்ச்சொல் ‘இன்அக்யுரட்’, ‘அன்’ சேராது. எழுதும்போது ‘சி’ இரண்டு, ‘ஆர்’ ஒன்று. நம்மில் பலர் ‘அக்யுரேட்’ என்று இறுதியை நீட்டுகிறோம். ‘சாக்லட்’ போலக் குறுகி ஒலிப்பதே முறை.