வீட்டுப் பட்டறையில் சி.என்.சி. இயந்திரம்: அளவு பிசகாமல் அமைக்கும் முறை

திருவண்ணாமலை மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், ஏரின் பின்னே நடந்து கையால் விதையிடுவோர் குறைந்து, டிராக்டருடன் பூட்டும் விதைப்புக் கருவியை நாடுவோர் பெருகி வருகின்றனர். அக்கருவியின் விதைப்பெட்டியினுள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. அதன் விளிம்பில் வெட்டியுள்ள குழி ஒவ்வொன்றும் ஒரு பருப்பை ஏந்திச் சென்று குழாயில் விடுகிறது. குழி பெரிதானால் இரண்டு பருப்பு விழும்; சிறிதானால் பருப்பு நசுங்கித் தோல் கிழியும். தோல் கிழிந்த பருப்பு முளைப்பது அரிது என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்று வேளாண் வல்லுநர் பரிந்துரைக்கும் இடைவெளி, இந்தச் சிறு தட்டை நம்பியே நிற்கிறது.

தட்டு தேய்ந்து போனாலோ, வேறு பருமனுள்ள இரகத்தை விதைக்க நேர்ந்தாலோ, புதுத் தட்டு வேண்டும். கருவி விற்றவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் நிலத்தின் ஈரம் காய்ந்துவிடுகிறது. இந்நிலையில் ஒரு மேசைமீது அடங்கும் சிறிய சி.என்.சி. மில்லிங் இயந்திரம் பயன்படுகிறது. தச்சு வேலையும் மின்வேலையும் அறிந்த இளைஞர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இதனை வைத்து, நைலான் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் பலகையில் இத்தகைய தட்டுகளை வெட்டித் தரலாம். ஆயின் ஓர் எச்சரிக்கை. கையால் வெட்டுபவர் செய்யும் பிழை ஒரு தட்டோடு போகும். இவ்வியந்திரமோ தன் பிழையையும் அணு பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும். ஏக்கருக்கு ஏறத்தாழ 1,35,000 செடி நிற்க வேண்டிய நிலத்தில், பன்னிரண்டு குழிகளில் ஒன்று எல்லாத் தட்டிலும் பழுதாக அமைந்தால், 11,000 செடிகளுக்கு மேல் இல்லாமற் போகும். ஆகவே இயந்திரத்தை வாங்குவது ஒரு வேலை. அதனை அளவுக்குக் கொண்டுவருவது வேறொரு வேலை. இரண்டாவதைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

இவ்வியந்திரத்தின் அடிப்படை நமக்குப் புதிதன்று. ஆரணியில் பட்டு நெசவு கண்டவர்கள் ஜக்கார்டு பெட்டியை அறிவார்கள். துளையிட்ட அட்டை எந்த நூல் உயர வேண்டும் என்று சொல்ல, தறி அதன்படி பூவேலை செய்கிறது. இதே போலத் துளையிட்ட நாடாவைக் கொண்டு உலோகம் வெட்டும் இயந்திரத்தை இயக்கலாம் என்று அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவரின் கருத்தை ஒட்டி முயன்றனர். 1952-ஆம் ஆண்டில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் அத்தகைய மில்லிங் இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணிப்பொறி பிடித்தது. இன்று உள்ளங்கை அளவுள்ள மின்பலகையும், 2009 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு நிரலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

கிராமத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. மராட்டிய மாநிலம் புனே மாவட்டத்தில் பாபல் என்னும் சிற்றூரில் டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983-இல் விஞ்ஞான ஆசிரமம் என்னும் கல்வி நிலையத்தை நிறுவினார். செய்து கற்றலே அதன் முறை. எம்.ஐ.டி. நிறுவனத்தின் தொடர்போடு 2002-இல் அங்கு, கணிப்பொறியால் இயங்கும் வெட்டுக் கருவிகள் அடங்கிய ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறை தொடங்கப்பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே இவ்வகையில் முதலாவதாக அமைந்தவற்றுள் இது ஒன்று. பெருநகரத்தை விட்டு ஒரு மானாவாரிக் கிராமத்தில் அது அமைந்தது என்பதை நம் ஊராட்சியினர் கருதிப் பார்க்க வேண்டும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். வீட்டில் வைக்கும் வகையில் பெரிதும் விற்பனையாவது 300 மி.மீ. நீளமும் 180 மி.மீ. அகலமும் உள்ள பரப்பில் வேலை செய்வது. கடைக்காரர்கள் இதனை 3018 என்பர். இடவலம், முன்பின், மேல்கீழ் என்று மூன்று திசைகளிலும் ஸ்டெப்பர் மோட்டார்கள் திருகாணிகளைச் சுழற்றி நகர்த்துகின்றன. மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாக எடுத்துவைக்கிறது. மின்பலகை ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3,200. திருகாணி ஒரு சுற்றில் 4 மி.மீ. முன்னேறுமானால் ஒரு மி.மீட்டருக்கு 800 சிறுபடிகள். இக்கணக்கைக் காட்டி, ஆயிரத்தில் ஒரு மி.மீ. துல்லியம் என்று விளம்பரம் செய்வாரும் உண்டு. அது காகிதத்தில் உள்ள துல்லியம். கையால் கத்தியைப் பிடித்து அசைத்தாலே கால் மி.மீ. ஆடுகிற இயந்திரத்தில் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? விதைத்தட்டுக்கு 0.1 மி.மீ. துல்லியம் போதுமானது. அதற்குமேல் நாடிப் பணத்தைச் செலவிட வேண்டுவதில்லை.

வாங்கியவர் பலரும் முதலில் விரைவான மோட்டாரை மாற்றுகின்றனர். இது முறையன்று. முதற்செலவு அடித்தளத்துக்கே ஆக வேண்டும். அலுமினியச் சட்டங்களால் ஆன உடல் இலேசானது. கத்தி பொருளில் பதியும்போது முறுக்கிக்கொள்ளும். அதனைக் கனமான ஒன்றின்மீது இறுக்க வேண்டும். ஒட்டுப்பலகை மழைக்காலத்தில் ஊதும், கோடையில் வளையும். நம் பக்கத்தில் சமையல் மேடைக்கு வெட்டிய கருங்கல் பலகையின் மிச்சத் துண்டுகள் கல் அறுக்கும் இடங்களில் கிடைக்கின்றன. மெருகேற்றிய அத்தகைய துண்டு ஒன்றில் துளையிட்டுப் போல்ட்டால் இறுக்கினால், கனமும் சமதளமும் ஒருங்கே கிடைக்கும். எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்தே கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் பெற்ற மோட்டாரைவிட இந்தக் கல் மிகுதியான பயன் தரும் என்பது நமது கருத்து.

அடுத்தது சதுரம். இதற்குக் கொத்தனாரின் 3-4-5 கணக்கே போதும். அடிப்பலகையில் இடவலமாக 160 மி.மீ., முன்பின்னாக 120 மி.மீ. இடைவெளியில் நான்கு சிறு துளைகளை இயந்திரத்தாலேயே இட வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் 200 மி.மீ. இருத்தல் வேண்டும். ஒன்று 200.6, மற்றொன்று 199.4 என்று வந்தால் சட்டம் கோணியிருக்கிறது என்று பொருள். இந்தக் கோணலோடு 150 மி.மீ. விட்டமுள்ள தட்டை வெட்டினால், ஒரு பக்கம் பார்க்கும் விட்டத்துக்கும் மறுபக்கம் பார்க்கும் விட்டத்துக்கும் 0.9 மி.மீ. வேறுபாடு வரும். தட்டு வட்டமாக இராது. பெட்டியில் ஓரிடத்தில் உரசும், ஓரிடத்தில் விலகிப் பருப்பை நழுவவிடும். சட்டத்தின் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்தி, தள்ளி, இறுக்கி, வேறிடத்தில் மீண்டும் துளையிட்டுப் பார்க்க வேண்டும். நான்கைந்து முறை செய்ய நேரலாம். பொறுமை வேண்டும்.

பட்டறைக்காரர் "பிளே" என்று சொல்லும் தளர்ச்சியே இவ்வகை இயந்திரங்களின் பெருங்குறை. திருகாணிக்கும் அதன் நட்டுக்கும் இடையே உள்ள சந்தினால், திசை மாறும்போதெல்லாம் மோட்டார் சுற்றியும் மேசை நகராமல் சிறிது நேரம் நிற்கும். கிணற்று இராட்டினத்தில் கயிற்றைத் திருப்பி இழுக்கும்போது முதலில் தொய்வு நீங்குவது போன்றது இது. இதனை அளக்க 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ் ஒன்று வேண்டும். ஒரே திசையில் நகர்த்தி முள்ளைச் சுழியில் நிறுத்துக. அதே திசையில் மேலும் 1 மி.மீ. செலுத்தி, பின் 1 மி.மீ. திரும்பி வரச் செய்க. முள் சுழிக்கு வராமல் எவ்வளவில் நிற்கிறதோ, அதுவே தளர்ச்சி. ஜி.ஆர்.பி.எல். நிரலில் இதனைத் தானே ஈடுசெய்யும் வசதி அமைக்கப்படவில்லை. ஆகவே சுருள்வில் வைத்த இரட்டை நட்டைப் பொருத்தித் தளர்ச்சியையே நீக்க வேண்டும். மிக இறுக்கினாலோ மோட்டார் திணறிப் படிகளை விட்டுவிடும். ஸ்டெப்பர் மோட்டார் தான் விட்ட படியை அறியாது; அறிவிக்கவும் செய்யாது.

தளர்ச்சி நீங்கிய பின்னரே தூரத்தைத் திருத்த வேண்டும். இந்த வரிசை மாறலாகாது. 150 மி.மீ. நகரச் சொல்லி 149.7 மட்டுமே நகர்ந்தால், 800-ஐ 150 ஆல் பெருக்கி 149.7 ஆல் வகுக்க 801.6 வரும், அந்த எண்ணை நிரலில் பதிய வேண்டும். அளக்கும்போது இரு முனைகளுக்கும் ஒரே திசையிலிருந்தே வந்து சேர்வது முக்கியம். ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேலும் வேறுபாடு காணின், எண்ணை மாற்றி மூடிவிடக் கூடாது. திருகாணியையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் தணிப்பது போன்ற வேலை பட்டறையிலும் உண்டு.

கத்தி சுழலும் அச்சு மேசைக்குச் செங்குத்தாக இருப்பதும் வேண்டும். சுழலும் முனையில் வளைந்த கம்பியைப் பூட்டி, அதன் நுனியில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றினால், 150 மி.மீ. விட்டத்தில் இடப்புறமும் வலப்புறமும் முள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 0.3 மி.மீ. வேறுபட்டால், 25 மி.மீ. அகலக் கத்தி தான் சென்ற ஒவ்வொரு தடத்திலும் 0.05 மி.மீ. வரப்பை விட்டுச் செல்லும். அச்சைத் தாங்கும் தகட்டின் பின்னே குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டிய துண்டைச் செருகலாம். அத்தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம் உடையது. கடையில் வாங்கும் செருகுதகட்டுக்கு இது ஒன்றும் குறைந்ததன்று.

மின்சாரத்தைப் பற்றி இரண்டொரு சொல். நடுவேலையில் மின்சாரம் நின்றால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஓரங்களில் எல்லைச் சுவிட்சுகளைப் பொருத்தினால், மின்சாரம் வந்தபின் தொடக்கப் புள்ளிக்குச் சென்று கணக்கைப் பிடித்துக்கொள்ளும். இவற்றின் விலை சொற்பம். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எர்த் இணைப்பு இல்லாத இடத்தில் இயந்திரத்தை வைக்கவே கூடாது. தோளில் துண்டோடு அருகில் நிற்பது பேராபத்து. கண்ணாடி அணியாமல் ஓட்டுவதும் அவ்வாறே.

எல்லாம் திருந்திய பின்னும் கத்தியை அளக்காமல் தட்டை வெட்டக் கூடாது. 3.175 மி.மீ. என்று எழுதியிருக்கும் கத்தி, சுழலும்போது சற்று அகலமாகவோ, தேய்ந்திருந்தால் குறுகலாகவோ வெட்டும். பலகைத் துண்டில் ஒரு பள்ளம் வெட்டி, அப்பள்ளத்தின் அகலத்தை வெர்னியரால் அளந்து, அதையே கத்தியின் அளவாக நிரலுக்குத் தர வேண்டும். பிறகு 50 மி.மீ. சதுரம் ஒன்றும் வட்டம் ஒன்றும் வெட்டி நான்கு பக்கமும் அளந்து பார்த்தால், முன் சொன்ன திருத்தங்களில் எது குறைந்திருந்தாலும் வெளிப்பட்டுவிடும்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் எஃகைவிட ஐந்தாறு மடங்கு விரிவது. 200 மி.மீ. அக்ரிலிக் பலகை 15 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளும். இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய இயந்திரத்தின் பிழையைவிட இது பெரிது! சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் உச்சிவேளையில் அளப்பதும் வெட்டுவதும் பயனற்றவை. விடியற்காலையே தக்க நேரம்.

தட்டின் கணக்கு எளியது. விதைப்புக் கருவியின் சக்கரம் 40 செ.மீ. விட்டமுள்ளதாயின், ஒரு சுற்றில் 125.7 செ.மீ. உருளும். தட்டும் சக்கரத்தோடு ஒன்றுக்கொன்றாகச் சுற்றுமானால், 12 குழிகளுக்கு இடைவெளி 10.5 செ.மீ., 13 குழிகளுக்கு 9.7 செ.மீ. ஆகும். குழியின் அளவை, விதைக்கப்போகும் மூட்டையிலிருந்தே ஐம்பது பருப்பை எடுத்து அளந்து, பெரியதைவிடச் சற்றே கூடுதலாகக் கொள்ள வேண்டும். டி.எம்.வி. 7 இரகத்துக்கு வெட்டிய தட்டை வேறு இரகத்துக்கு அப்படியே போடுவது சரியாகாது. வெட்டியபின் கருவியைத் தூக்கி நிறுத்தி, கீழே துணி விரித்து, சக்கரத்தைக் கையால் இருபது முறை சுற்றுக. 12 குழித் தட்டானால் 240 பருப்பு விழ வேண்டும். விழுந்தவற்றை எண்ணுவதோடு, தோல் கிழிந்தவற்றைத் தனியே பொறுக்கி எண்ணுவதும் அவசியம். மென்பொருளும் டயல் கேஜும் நல்லது என்று சொன்ன தட்டை இந்தத் துணி தள்ளிவிடக் கூடும். துணியின் தீர்ப்பையே ஏற்க வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு ஊரிலும் இயந்திரம் வாங்குவது இப்போது வேண்டுவதில்லை. டயல் கேஜ், வெர்னியர், எஃகு மூலைமட்டம் ஆகிய மூன்றும் ஒரு பெட்டியில் வைத்து, பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படைத்தால், சுற்றியுள்ள தச்சர், வெல்டிங் பட்டறைக்காரர், மோட்டார் பழுது பார்ப்பவர் ஆகிய அனைவருக்கும் உதவும். தமிழ்நாட்டில் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து சி.என்.சி. முதலிய புதுக்கருவிகளுடன் தரம் உயர்த்தப்பெற்றன. அருகிலுள்ள பயிற்சி நிலையத்தில் கேட்டறிந்து, ஊரில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளை அனுப்புவது நலம். பெண்பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும். இவ்வேலைக்கு உடல்வலிமை தேவையில்லை. அளந்து எழுதும் பழக்கமே தேவை.

எழுதுவதற்குப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். மூலைவிட்டம் இரண்டு, தளர்ச்சி மூன்று திசைக்கும், 150 மி.மீட்டருக்கு வந்த அளவு, பள்ளத்தின் அகலம், அளந்த நாளும் வேளையும். ஆனி, ஆடிப் பட்டத்துக்கு முன் ஒரு முறையும், தீபத் திருவிழா முடிந்து மார்கழிப் பட்டம் தொடங்குமுன் ஒரு முறையும் இவற்றைத் திரும்ப அளந்து பழைய பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். முன்பு 0.05 ஆக இருந்த தளர்ச்சி 0.15 ஆகியிருந்தால், நட்டு தேய்ந்துவிட்டது. தட்டு வெட்டுமுன் அதனை மாற்றிவிடுக.